சண்டை போடவில்லை, அதனால் சேர்த்து வைக்கலாமா?

கோலாலம்பூரில் அயல்நாட்டுப் பிராணிகள் விற்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "பாஸ், இது ரெண்டையும் ஒரே தொட்டியில போடலாமா?" கேட்பவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு நாலடிக் கண்ணாடித் தொட்டி இருக்கும். தொட்டி, விளக்கு, ஃபில்டர் என்று கணிசமாகச் செலவழித்திருப்பார். அதில் ஒரே ஒரு பிராணி மூலையில் கிடப்பதைப் பார்த்தால் பாதி இடம் வீணாவதுபோல் தெரியும். கொண்டோ வீட்டில் இன்னொரு தொட்டி வைக்க இடம் கிடையாது. கடைக்காரரும் "போடலாம், ஒன்னும் பண்ணாது, சண்டை போடாது" என்று சொல்லிவிடுவார்.

சண்டை போடாது என்பது பல நேரங்களில் உண்மையாகவே இருக்கும். ஆனால் இனம் மாற்றிச் சேர்த்து வைத்ததால் சாகும் பிராணிகளில் பல, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல்தான் சாகின்றன. சண்டை நடந்தால் இரத்தம் வரும், வால் அறுந்து கிடக்கும், நாமும் உடனே பிரித்துவிடுவோம். சரியான சூடு கிடைக்காமல் போவதும், தீனி பறிபோவதும், கிருமி தொற்றுவதும் சத்தமில்லாமல் நடக்கின்றன. நமக்குத் தெரியவரும்போது பல மாதங்கள் ஓடிப்போயிருக்கும்.

முதலில் நம் ஊர்க் காற்றைப் பார்ப்போம். கோலாலம்பூரில் பகலில் 32, 33 டிகிரி செல்சியஸ், இரவில் 24 டிகிரி வாக்கில் இருக்கும். காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காடு. பினாங்கிலும் ஏறக்குறைய இதே நிலைதான். கடைகளில் விற்கும் பிராணிகள் எல்லாம் இந்தக் காற்றுக்குப் பிறந்தவை அல்ல. பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், வறண்ட நிலத்தில் வாழும் பல்லியினம். குளிர்காயும் இடத்தில் அதற்கு 40 டிகிரி சூடு வேண்டும், காற்றில் 30, 40 விழுக்காட்டு ஈரமே போதும். க்ரெஸ்டட் கெக்கோ என்ற பல்லி பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியாவைச் சேர்ந்தது. 1994-ல் மறுபடியும் கண்ணில் படும்வரை அது அழிந்துபோன இனம் என்றே நினைத்தார்கள். அதற்கு 22 முதல் 26 டிகிரிதான் சுகம். 30-ஐத் தாண்டிய சூடு நாள் முழுக்க நீடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆக்ஸலாட்டல் என்பது தண்ணீரிலேயே வாழும் சாலமாண்டர், மெக்சிகோ நகரை ஒட்டிய சோச்சிமில்கோ நீர்நிலைகளில் வாழ்வது. அதன் தண்ணீர் 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதாவது இங்கே ஏர்கோன் போட்டாலும் போதாது, தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் தேவைப்படும்.

சரி, தொட்டியின் ஒரு பக்கத்தைச் சூடாகவும் மறுபக்கத்தைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் என்ன? ஒரே இனத்துக்கு அப்படித்தான் வைக்க வேண்டும், அது நல்ல முறை. ஆனால் நாலடித் தொட்டிக்குள் வெப்பத்தை ஓரளவு பங்கு போடலாமே தவிர, ஈரத்தைப் பங்கு போட முடியாது. ஒரு மூலையில் தண்ணீர் தெளித்தால் சற்று நேரத்தில் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். மரத்தவளைக்கு ஏற்ற ஈரம் பியர்டட் டிராகனுக்கு நாளடைவில் நுரையீரல் தொற்றைக் கொண்டுவரும். அதற்காக ஏர்கோன் போட்டுக் காற்றை உலர வைத்தால், தோல் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்ளும் தவளை காய்ந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைப் பிடித்து வைப்பவர்கள் இரண்டையுமே பாதி நோயில் வைத்திருக்கிறார்கள்.

செந்தூலில் நண்பர் ஒருவர் வீட்டுத் தொட்டியில் ஒரு பியர்டட் டிராகனும் இந்தோனேசியாவிலிருந்து வந்த நீலநாக்கு அரணை ஒன்றும் இருந்தன. விளக்குக்குக் கீழே ஒரே ஒரு தட்டைக் கல். அரணை கல்லின்மேல் படுத்திருக்க, அதன் முதுகில் டிராகன் ஏறிப் படுத்திருந்தது. நண்பரின் அம்மா மகிழ்ச்சியோடு காட்டினார்: "பாருங்க தம்பி, எவ்வளவு பாசமா இருக்குதுங்க. பகல் பூரா இப்படித்தான்." பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஊர்வனவற்றின் உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. வெளியிலிருந்து சூடு கிடைத்தால்தான் இரை செரிக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி வேலை செய்யும். விளக்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும், அது இருந்தால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். மேலே படுத்திருப்பது சூட்டையும் கதிரையும் எடுத்துக்கொள்கிறது, கீழே இருப்பதற்கு நிழல்தான் மிச்சம். அங்கே நடந்தது இடப் போட்டி, அதில் டிராகன் வென்றிருந்தது.

அரணையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது வாலின் அடிப்பகுதி மெலிந்து, இடுப்பெலும்பு விரலில் தட்டுப்பட்டது. நீலநாக்கு அரணைக்குக் கொழுப்பு சேரும் இடங்களில் வால் ஒன்று. அது குச்சியாகிறதென்றால் பல வாரங்களாகவே சரியாகத் தின்னவில்லை என்று அர்த்தம். விசாரித்தால் தீனி தினமும் போடுகிறார்கள், கிண்ணமும் காலியாகிறது. காலி செய்வது யார் என்று யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. டிராகன் கண்ணில் அசைவு பட்டதுமே பாயும், சூப்பர்வார்ம் என்ற தீனிப்புழு தரையைத் தொடுவதற்குள் கவ்விவிடும். அரணை மோந்து மோந்து நிதானமாக வருவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. வீட்டில் ஊர்வன வளர்ப்பவர்கள் வாங்கியே ஆக வேண்டிய கருவி எதுவென்று கேட்டால், சமையலறைத் தராசு என்பேன். வாரம் ஒருமுறை எடை போட்டு ஒரு தாளில் குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத இந்த மெலிவு எண்ணில் தெரிந்துவிடும்.

கிருமி விஷயம் இதைவிடப் பெரியது, வளர்ப்பவர்களிடையே மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். ஒவ்வோர் இனமும் தன்னோடு காலங்காலமாகச் சில கிருமிகளைச் சுமந்துகொண்டு வருகிறது. சுமக்கும் உயிருக்கு அது பழகிப்போயிருக்கும், ஒன்றும் செய்யாது. பழகாத இன்னோர் இனத்துக்குள் போனால் கதை வேறு. என்டமீபா இன்வேடன்ஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பல ஆமைகளின் குடலில் அது எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்கிறது. ஆமை நன்றாகத் தின்னும், நீந்தும், கொழுகொழுவென்று இருக்கும். ஆனால் அதன் கழிவோடு வெளியேறும் நுண்ணிய கூடுகள் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீரைப் பாம்போ உடும்போ குடித்தால், குடலைப் புண்ணாக்கி, சில நேரம் கல்லீரல் வரைக்கும் அரித்து, சில வாரங்களில் கொன்றுவிடும். ஆமையைப் பார்த்து யாருக்கும் சந்தேகமே வராது. பாம்பு வைத்திருப்பவர் தீனி சரியில்லையோ, விளக்கு சரியில்லையோ என்று தேடிக்கொண்டிருப்பார்.

ஆமைக்கு ஆமையும் பாதுகாப்பு இல்லை. நிலத்து ஆமைகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸ் ஒன்று உண்டு. மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த கிரேக்க ஆமை அதைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாகவே தெரியும். பக்கத்தில் ஹெர்மான் ஆமையை விட்டால் நாக்கும் வாயும் புண்ணாகி, மூக்கு ஒழுகி, பெரும்பாலும் பிழைப்பதில்லை. இரண்டும் ஒரே பேரினம், பார்ப்பதற்கும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். நம் தாமான் வீடுகளின் முன்வாசலில் ஆப்பிரிக்க சுல்காட்டாவையும் தென்னமெரிக்க ரெட்ஃபுட்டையும் ஒன்றாக மேய விடுகிறார்கள். ஒன்று சகாராவின் தெற்கு விளிம்பில் வறண்ட புல்வெளியைச் சேர்ந்தது, மற்றது ஈரமான காட்டுப் பகுதிகளைச் சேர்ந்தது. தீனியும் வேறு, ஈரமும் வேறு. போதாக்குறைக்கு சுல்காட்டா நாற்பது கிலோவையும் தாண்டி வளரக்கூடியது, அது முட்டினால் சின்ன ஆமை கவிழ்ந்துவிடும், எழ முடியாமல் வெயிலிலேயே கிடக்கும்.

தவளைகளின் நிலைமை இன்னும் மோசம். கைட்ரிட் என்ற பூஞ்சை உலகம் முழுக்கத் தவளை இனங்களை அழித்துக்கொண்டிருப்பது 1990-களின் இறுதியில்தான் அடையாளம் காணப்பட்டது. அதன் பூர்வீகம் கிழக்காசியா, குறிப்பாகக் கொரியத் தீபகற்பம், என்றும் அது உலகெங்கும் பரவியதில் உயிர்ப் பிராணி வணிகத்துக்குப் பங்கு உண்டு என்றும் 2018-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. ஆசியத் தேரை பழக்கத்தால் தாங்கிக்கொள்ளும் பூஞ்சையை வேறு கண்டத்துத் தவளையால் தாங்க முடியாமல் போகலாம். ரானா வைரஸ் இன்னும் ஒரு படி மேலே, அது மீன், தவளை, ஆமை மூன்றையுமே தாக்கக்கூடியது. இனம் வேறு என்பதால் நோய் தாவாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கிருமியே இல்லாவிட்டாலும் விஷம் இருக்கிறது. வயிற்றில் சிவப்பும் கறுப்புமாக இருக்கும் ஃபயர்பெல்லி தேரை பயந்தாலோ கோபப்பட்டாலோ தோலிலிருந்து ஒரு நச்சு நீரைக் கசியவிடும். காட்டில் அது ஓடையில் கரைந்து போய்விடும். தொட்டியில் ஒரு சோற்றுக் கிண்ணம் அளவு தண்ணீர்தான் இருக்கிறது. அதே தண்ணீரில் வந்து உட்காரும் மரத்தவளை தன் தோல் வழியாக அதை உறிஞ்சிக்கொள்கிறது. பேக்மேன் தவளையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வாய்க்குள் போகும் எதையும் அது விழுங்கும், தன் அளவே உள்ள இன்னொரு தவளையையும் சேர்த்து.

மீன் வளர்ப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் அனுபவம் அதிகம். பல இன மீன்களை ஒன்றாக விடும் சமூகத் தொட்டி என்பதே அவர்களுடைய பழக்கம்தானே. நம் நாட்டு மீன் பிரியர்கள் கொண்டாடிய லூஹான் மீனே இனக் கலப்பில் பிறந்ததுதான். மத்திய அமெரிக்க சிக்லிட் மீன்களைக் கலந்து 1990-களின் பிற்பகுதியில் மலேசியாவில் உருவான அந்த மீனுக்கு 2000-களின் தொடக்கத்தில் இருந்த மோகம் பலருக்கு நினைவிருக்கும். நெற்றிப் புடைப்புக்கும் உடம்பில் எழுத்துபோல் தெரியும் கறுப்புப் புள்ளிகளுக்கும் ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுத்து வாங்கினார்கள். கலப்பில் பிறந்த அந்த மீன் வேறு எதையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது. கண்ணாடிக்கு வெளியே அசையும் விரலையே முட்ட வரும். அதற்குத் தனித் தொட்டிதான் சரி.

பினாங்கு டிஸ்கஸ் மீன் வளர்ப்புக்குப் பெயர்போன இடம். அங்கே டிஸ்கஸை நன்கு அறிந்தவர்கள் அதோடு தங்கமீனைச் சேர்க்க மாட்டார்கள். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பான, மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள தண்ணீர் வேண்டும். தங்கமீனுக்கு இவ்வளவு சூடு ஆகாது, அதன் கழிவும் மிக அதிகம். பாசியைத் தின்னும் என்று எல்லாரும் வாங்கிப் போடும் இக்கான் பண்டாராயாவிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பாசி தீர்ந்ததும் அது இரவில் டிஸ்கஸின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழவழப்பைச் சுரண்டித் தின்னப் பழகிவிடும். காலையில் பார்த்தால் மீனின் உடம்பில் வட்டம் வட்டமாக வெளுத்த தழும்பு தெரியும். சுத்தம் செய்ய வந்த மீன்தான் இதைச் செய்தது என்று எத்தனையோ பேருக்குத் தோன்றுவதே இல்லை.

அதே டிஸ்கஸோடு கார்டினல் டெட்ரா நன்றாகவே வாழும். இரண்டும் அமேசான் படுகையைச் சேர்ந்தவை, வெதுவெதுப்பான மென்மையான தண்ணீர் இரண்டுக்கும் பழக்கம், டெட்ராவால் டிஸ்கஸைத் தள்ளிவிட்டுத் தின்ன முடியாது, டிஸ்கஸின் வாய் டெட்ராவைத் துரத்திப் பிடிக்கும் வாயும் அல்ல. அடியில் மேய ஸ்டெர்பாய் கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்தி மீனையும் சேர்க்கலாம், சூட்டைத் தாங்கும் கோரிகளில் அது ஒன்று. அரவணா தண்ணீரின் மேற்பரப்பிலேயே சுற்றும், திருக்கை தரையோடு கிடக்கும், அதனால் அவை இரண்டையும் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. ஆனால் அதற்கு ஆறடித் தொட்டியே சின்னது. ஒரே ஊர்த் தண்ணீர், ஒரே சூடு, வேறு வேறு தளம், ஒன்றையொன்று விழுங்க முடியாத அளவு என்று எல்லாம் கூடிவந்தால்தான் சேர்க்கை நிற்கிறது. தவளைத் தொட்டியில் மண்ணுக்குள் ஸ்பிரிங்டெயில் பூச்சிகளையும் ஐசோபாடுகளையும் விட்டு வைப்பதும் ஒரு கூட்டு வாழ்க்கைதான். அவை கழிவையும் பூஞ்சணத்தையும் தின்று மண்ணைச் சுத்தமாக வைக்கும், தவளையும் அவ்வப்போது ஒன்றிரண்டைக் கொத்திக்கொள்ளும். இப்படிப்பட்ட சேர்க்கையை நான் யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

"மிருகக்காட்சி சாலையில் சேர்த்துத்தானே வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கோலாலம்பூர் பறவைப் பூங்காவில் பல இனப் பறவைகள் ஒரே வலைக்குள் பறக்கின்றன. ஆனால் பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 21 ஏக்கர். அக்குவாரியா கேஎல்சிசியில் சுறாவும் திருக்கையும் ஒன்றாக நீந்தும் தொட்டியின் அடியில் போகும் நடைபாதை மட்டுமே 90 மீட்டர். விலகிப் போக இடம் இருக்கிறது, தனியாகப் பிடித்துத் தீனி கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், புதிதாக வந்த உயிரை மாதக் கணக்கில் தனியே வைத்துச் சோதிக்க மருத்துவர் இருக்கிறார். நம் நாலடித் தொட்டியில் தோற்ற பிராணி ஒதுங்கிப் போக வழியே இல்லை. பகலும் இரவும் எதிரியின் கண் முன்னாலேயே அது இருக்கிறது.

சேர்க்கிறோமோ இல்லையோ, புதிதாக வாங்கியதை நேராகப் பழைய தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள். மீனுக்குக் குறைந்தது நான்கு வாரம், ஊர்வனவற்றுக்கு 60 முதல் 90 நாள், முடிந்தால் வேறு அறையில். தினசரி வேலையில் முதலில் பழைய பிராணியைக் கவனித்துவிட்டு அப்புறம்தான் புதியதைத் தொட வேண்டும், வரிசை மாறக்கூடாது. தனித்தனித் தொட்டி வைத்தவர்களே ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது: ஒரே வாளி, ஒரே ஸ்பாஞ்ச், ஒரே இடுக்கி. ஆமைத் தண்ணீரைக் கொட்டிய வாளியைக் கழுவாமல் அதிலேயே பாம்புக் கிண்ணத்தை ஊற வைத்தால் இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டதற்குச் சமம். பல்லிகளை எலும்பும் தோலுமாக்கும் க்ரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாதாரண க்ளோராக்ஸ் கழுவலுக்கும் மசியாது. ஆகவே ஒவ்வொரு தொட்டிக்கும் தனிச் சாமான் வைத்து, மூடியில் பெயர் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. கழிவை எடுத்துப்போய் அயல்நாட்டுப் பிராணிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், பிராணிக்குக் கொடுத்த விலையோடு பார்த்தால் பெரிய செலவு அல்ல.

கலப்பு சில நேரம் கடைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஆமைக் கடத்தல் இரு திசையிலும் நடப்பது தமிழர்களாகிய நமக்கு வருத்தமான செய்தி. அங்கிருந்து நட்சத்திர ஆமைகள் இந்தப் பக்கம் வருகின்றன, இங்கிருந்து சிவப்புக்காது ஆமைக் குஞ்சுகளும் வேறு பல ஊர்வனவும் அந்தப் பக்கம் போய் விமான நிலையத்தில் பிடிபடுகின்றன. பெட்டிக்குள் சாக்ஸில் சுற்றி, இனம் இனமாகப் பிரிக்காமல் அடைத்து, தண்ணீர் இல்லாமல் வந்து சேரும் பிராணி, வழியிலேயே யாரோ சுமந்த கிருமியை வாங்கியிருக்கும். நட்சத்திர ஆமை 2019 முதல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது, காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்க முடியாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, வீட்டில் இருக்கும் ஆமையோடு விட்டால் சட்டச் சிக்கலும் நோயும் சேர்ந்தே வரும்.

கடைசியாக, சேர்த்து வைத்துத் தோற்றுப்போனவர்கள் செய்யும் ஒரு காரியம். தீப்பெட்டி அளவில் வாங்கிய சிவப்புக்காது ஆமை சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்து, தொட்டி மீன்களையெல்லாம் தின்றுவிட்டால், அதைக் கொண்டுபோய் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். பினாங்கு ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி ஆலயத்தின் ஆமைக் குளத்தில் பக்தர்கள் நீட்டும் கங்குங் கீரைக்கு முண்டியடிக்கும் கூட்டத்தில் இந்த அமெரிக்க ஆமைகளையும் பார்க்கலாம். உலகின் மிக மோசமான 100 படையெடுப்பு இனங்களின் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. புண்ணியம் என்று நினைத்துத்தான் விடுகிறார்கள், அந்த நல்ல மனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுத் தொட்டியில் நாம் செய்த அதே கலப்பைத்தான் குளத்திலும் ஆற்றிலும் செய்கிறோம், அங்கே பிரித்து எடுக்க யாராலும் முடியாது. லூஹானும் இக்கான் பண்டாராயாவும் இப்படித்தான் நம் நீர்நிலைகளுக்குள் போய்ச் சேர்ந்தன.

வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள், காசு வேண்டாம் என்றால் பலர் எடுத்துக்கொள்வார்கள். அந்த இனத்தை மட்டுமே வளர்ப்பவர் யாராவது தெரிந்தால் அவரிடம் கொடுக்கலாம். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பிராணி என்றால் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் தேவைப்படலாம், அதனால் கைமாற்றும் முன் அவர்களுடைய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆசிய அரவணா என்றால் அதன் மைக்ரோசிப் எண்ணும் சான்றிதழும் மீனோடு சேர்ந்தே போக வேண்டும்.